உள்ள ஆள் இருந்தாங்களா?

மருந்துக்காரர் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் மருந்து கொடுப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். கரப்பானுக்கும் கரையானுக்கும் எலிக்கும் வைப்பவர். பிழைக்க வைப்பதற்கும் மருந்து என்றுதான் பேர், சாகடிப்பதற்கும் மருந்து என்றுதான் பேர். நம் ஆட்களுக்கு அவ்வளவு நல்ல வாய். முதுகில் மஞ்சள் டப்பாவை மாட்டிக்கொண்டு அவர் வருவதைப் பார்த்ததுமே ஹோட்டல் முதலாளிகள் பதறிப்போய்ப் பின்வாசலைக் காட்டுவார்கள். முன்வாசல் வழியாக அவர் தலைநிமிர்ந்து நுழைகிற கட்டடம் ஆலயம் ஒன்றுதான்.

மருந்து அடிப்பது பாதித் தொழில். மீதிப் பாதி துவாரம் அடைப்பது. கூரைக்கு அடியில், சுவரின் காற்றுவழியில், ஏ.சி. குழாய் போகிற சந்தில் என்று எங்கே கை நுழையுமோ அங்கெல்லாம் குருவியும் புறாவும் அணிலும் வாடகை கொடுக்காமல் குடியேறிவிடும். அவற்றை வெளியேற்றிவிட்டுக் கம்பிவலை வைத்து, ஓரத்தைச் சிமெண்டால் பூசிவிட வேண்டும். அதற்கு முன்னால் மருந்துக்காரர் தவறாமல் செய்கிற வேலை ஒன்று உண்டு. பழைய செய்தித்தாளைக் கசக்கிப் பந்தாக்கித் துவாரத்தில் இறுக்காமல் செருகிவிட்டுப் போய்விடுவார். மறுநாள் வந்து பார்க்கும்போது காகிதம் வைத்த இடத்திலேயே இருந்தால் உள்ளே யாருமில்லை, தைரியமாக அடைக்கலாம். காகிதம் கீழே விழுந்து கிடந்தால் யாரோ போக்குவரத்தாக இருக்கிறார்கள் என்று அர்த்தம். குஞ்சுகள் பறக்கிறவரைக்கும் கட்டடக்காரரிடம் கெஞ்சியோ, சிமெண்ட் கிடைக்கவில்லை என்று புளுகியோ, வேலையைத் தள்ளிப்போட்டுவிடுவார்.

இது தொழிலோடு கற்றுக்கொண்டதல்ல, கல்யாணத்துக்கு அப்புறம் வந்த பழக்கம். அவருடைய மனைவி சலவைக் கடையில் துணி தேய்ப்பவள். நாள் முழுக்க நின்றுகொண்டே இருந்துவிட்டு வீட்டுக்கு வந்ததும், அவர் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து பைபிளைச் சத்தமாகப் படிப்பாள். போதகர்களே நைசாகத் தாண்டிப்போகிற சட்டதிட்டப் பகுதிகளையும் விடமாட்டாள். "இதையும் ஆண்டவர்தானே எழுதச் சொல்லியிருக்கார்" என்பாள். அப்படித்தான் ஒருநாள் படிப்பதைப் பாதியில் நிறுத்தினாள்.

"என்னங்க, உங்க தொழிலைப் பத்தி இதுல போட்டிருக்கு."

"எலிமருந்தைப் பத்தியா?"

"கிண்டல் பண்ணாதீங்க. ஒரு குருவிக்கூட்டைப் பார்த்தா, குஞ்சு மேலயோ முட்டை மேலயோ தாய் உட்கார்ந்திருந்தா, ரெண்டையும் சேர்த்து எடுக்கக் கூடாதாம். தாயைப் போக விட்டுடணுமாம். அப்படி விட்டா நமக்கு நல்லது நடக்குமாம், ஆயுசு நீளுமாம்."

"குருவியை விட்டதுக்கா ஆயுசு?"

"ஆமா. அப்பா அம்மாவை மதிச்சாலும் அதே கூலிதான், குருவியை விட்டாலும் அதே கூலிதான். யோசிச்சுப் பாருங்க, அவருக்கு ரெண்டும் எவ்வளவு பெருசா இருந்திருக்கணும்!"

அவர் சிரித்துவிட்டுக் கை கழுவப் போனார். ஆனால் அடுத்த வாரம் ஒரு கிடங்கின் சுவரில் ஏணி சாய்த்தபோது கை தானாகவே காகிதத்தைக் கசக்கியது. அன்றைக்குச் சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போதே சமையலறையிலிருந்து கேள்வி வந்தது.

"உள்ள ஆள் இருந்தாங்களா?"

"இருந்தாங்க."

"எத்தனை பேரு?"

அதற்கப்புறம் துவாரம் அடைக்கப் போன ஒவ்வொரு நாளும் அந்த வீட்டில் இந்த இரண்டு கேள்விகளும் கேட்கப்பட்டன. கரப்பானுக்காக மட்டும் அவள் ஒருநாளும் வக்காலத்து வாங்கியதில்லை. ஒருமுறை அவர் சீண்டியபோது, "அதுக்கும் ஏதாவது போட்டிருக்கும், நான் இன்னும் அந்தப் பக்கத்துக்கு வரலை" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டாள். மகள் சின்னவளாக இருந்தபோது வகுப்பில் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார்களாம். "வீட்டுக்குள்ள ஆள் இருக்காங்களான்னு பார்க்கிற வேலை" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். டீச்சரம்மா அவரைப் போலீஸ் என்றே நினைத்துக்கொண்டு, அவர் அடுத்த தடவை பள்ளிக்குப் போனபோது நாற்காலியெல்லாம் போட்டு உபசரித்தார். மஞ்சள் டப்பாவைப் பார்த்திருந்தால் நிறுத்தி வைத்தே பேசி அனுப்பியிருப்பார்.

மனைவிக்கு ஆயுசு நீளவில்லை. மகளுக்குக் கல்யாணம் முடிந்து, இனி காலை நீட்டி உட்காரலாம் என்ற வயதில் வயிற்றுவலி என்றாள். பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். உடம்பு உருகி, தலையணையில் பள்ளம்கூட விழாத அளவுக்கு ஆகி, போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அவர் அழவில்லை. வைராக்கியமெல்லாம் ஒன்றுமில்லை, அழுகை வரவில்லை, அவ்வளவுதான். வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார், டீ சொன்னார், கல்லறைத் தோட்டத்தில் எறும்புப் புற்று இருந்த இடத்தைக் காட்டி அங்கே நிற்க வேண்டாம் என்று சொந்தக்காரர்களிடம் சொன்னார். எல்லாம் முடிந்த பிறகு மகள் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரலையாப்பா உங்களுக்கு?"

"வரலைம்மா."

உள்ளதைச் சொன்னார். மகளுக்கு அது அடி வாங்கினதுபோல ஆகிவிட்டது.

அதற்கப்புறமும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் போன் செய்துகொண்டுதான் இருந்தாள். சாப்பிட்டீங்களா என்பாள். ம் என்பார். உடம்பு எப்படி என்பாள். இருக்கு என்பார். போன வாரம் அவள், "இனி நான் கூப்பிடலைப்பா. உங்களுக்கா எப்ப பேசணும்னு தோணுதோ அப்பக் கூப்பிடுங்க. தோணலைன்னா பரவாயில்லை" என்றாள். அதற்கும் ம் என்றுதான் சொன்னார். போனை வைத்த பிறகு, ஏதோ கை நழுவிப் போகிறது என்று புத்திக்குத் தெரிந்தது. மனதுக்குத் தெரியவில்லை.

கடவுள்மேல் அவருக்குக் கோபமா என்றால் அதுவும் சொல்ல முடியாது. சண்டை போடவும் உள்ளே கொஞ்சம் சூடு வேண்டுமே. ஒரே ஒரு கணக்கு மட்டும் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக் கிடந்தது. தாயைப் போக விடு என்றார்கள், இத்தனை வருஷம் விட்டாயிற்று. ஆயுசு நீளும் என்ற மறுபாதி என்ன ஆயிற்று? இதை அவர் யாரிடமும் கேட்டதில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஆலயத்திலிருந்து ஆள் வந்தது. வரும் ஞாயிறு படைப்பைக் குறித்த சிறப்பு ஆராதனை. கடவுள் உண்டாக்கின மரம், மிருகம், பறவை எல்லாவற்றையும் மனுஷன் எப்படிக் காக்க வேண்டும் என்று போதகர் பிரசங்கம் செய்யப்போகிறார். சபைச் செயலாளர் ஒரு மாதமாகத் தூங்காமல் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அவருக்கு ஒரே ஒரு தலைவலி. வடக்குச் சுவரின் மேலே இருக்கிற காற்றுத் துவாரத்துக்குக் குருவிகள் வந்துபோகின்றன. உள்பக்கச் சட்டத்தின் இடுக்கு வழியாகத் துரும்பும் எச்சமும் கீபோர்டின்மேல் விழுகின்றன.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள அதை முடிச்சிடுங்க மருந்துக்காரரே. படைப்பைப் பத்திப் பிரசங்கம் நடக்கும்போது தலையில எச்சம் விழுந்தா நல்லாவா இருக்கும்?" என்றார் செயலாளர். இதில் இருக்கிற வேடிக்கை அவருக்கும் தெரியவில்லை, கேட்டுக்கொண்டு நின்றவருக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மருந்துக்காரர் காகிதம் செருகினார். சனிக்கிழமை வந்து பார்த்தபோது அது கீழே கிடந்தது.

சுவரை ஒட்டிப் பூந்தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்த காகிதப் பந்தை அவர் பார்த்தார். பார்க்கவில்லை என்று சொல்ல வழியில்லை. குனிந்து எடுத்தார், சிமெண்ட் கலக்கிய சட்டியின் அடியைத் துடைத்தார், குப்பையில் போட்டார். ஏணியில் ஏறிக் கம்பிவலையை வைத்து ஆணி அடித்து, ஓரம் முழுக்கப் பூசினார். உள்ளே கையை விட்டுப் பார்க்கவில்லை. செய்கிறோம் என்பதுகூட அவருக்குள் இறங்கவில்லை. கீழே சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த பெயிண்டர்தான் அண்ணாந்து பார்த்துக் கத்தினார்.

"அண்ணே, கையில ரத்தம்! கம்பி கிழிச்சிருக்கு பாருங்க!"

உள்ளங்கையில் நீளமாகக் கிழிந்திருந்தது. வலிக்கவில்லை. ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு இறங்கினார். பெயிண்டர் மேலே ஏறிச் சிமெண்டின்மேலும் வலையின்மேலும் வெள்ளையைத் தீட்டினார். கீழே நின்று பார்த்தால் அங்கே ஒரு துவாரம் இருந்தது என்று இனி யாரும் சொல்ல முடியாது என்று செயலாளர் மெச்சிக்கொண்டார்.

ஞாயிறு காலை ஆலயம் கண்ணைப் பறித்தது. பீடத்தைச் சுற்றிப் பச்சை இலைத் தோரணம், அத்தனையும் பிளாஸ்டிக். சிறுவர் வகுப்புப் பிள்ளைகள் வெட்டி ஒட்டின காகித யானைகள் தூணுக்குத் தூண் நின்றன; ஒன்றிரண்டு யானைகளுக்குத் துதிக்கை எது, வால் எது என்பதில் சந்தேகம் இருந்தது. குடும்பத்துக்கு ஒரு செடி கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மருந்துக்காரர் வெறுங்கையோடு வந்து கடைசிப் பெஞ்சில், வழக்கமான ஓரத்தில் உட்கார்ந்தார். பக்கத்து இடத்தில் யாரும் உட்காருவதில்லை. அது அவளுடைய இடம்.

முதல் ஜெபம் முடிந்து எல்லோரும் அமைதியாக இருந்த நேரத்தில், வடக்குச் சுவரின் மேலிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம் எழுந்தது.

சபை முழுவதும் புன்னகை பூத்தது. முன்வரிசைப் பெண்கள் கீபோர்டு வாசிப்பவரைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். அவர் எந்தப் பொத்தான் மாட்டிக்கொண்டது என்று குனிந்து தேடினார். பிறகு, பாராட்டு வருகிறபோது எதற்கு மறுக்க வேண்டும் என்று அடக்கமாகச் சிரித்து வைத்தார். கீபோர்டுக்காரர் செய்த ஏற்பாடு என்று சிறுவர் வகுப்பு ஆசிரியை நினைத்தார். சிறுவர் வகுப்பின் ஏற்பாடு என்று போதகர் நினைத்தார். தன்னைக் கேட்காமல் இவ்வளவு நல்ல ஏற்பாட்டை யார் செய்தது என்று செயலாளருக்கு லேசான வருத்தம்.

"பாருங்க, பறவைகளும் நம்மோட சேர்ந்து துதிக்குது" என்றார் போதகர். "பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள்."

சிலர் கைதட்டினார்கள்.

மருந்துக்காரருக்குத் தெரியும். அது துதி இல்லை, பசி. நேற்று மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிடாத குஞ்சுகளின் சத்தம் அப்படித்தான் இருக்கும். சத்தத்தை வைத்து எண்ணுவது அவருக்குக் கைவந்த விஷயம். மூன்று பேர், ஒருவேளை நான்கு. அப்பா, அம்மா இரண்டு குருவியும் வெளியே இருக்கும். தெரிந்தும் அவருக்குள் ஒன்றும் அசையவில்லை. யாரோ செய்ததை யாரோ கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

போதகர் நல்ல மனிதர், நன்றாகவும் பேசினார். தோட்டத்தை மனுஷன் கையில் கொடுத்தது அனுபவிக்க மட்டுமில்லை, பண்படுத்தவும் காக்கவும்தான் என்றார். பூமி கடவுளுடையது, நாம் அதில் குடியிருக்க வந்தவர்கள் என்றார். ஆறு வருஷம் விளைந்த நிலத்துக்கு ஏழாம் வருஷம் ஓய்வு கொடுக்கச் சொன்னதையும், ஓய்வுநாளில் மாட்டுக்கும் கழுதைக்கும்கூட லீவு விடச் சொன்னதையும் எடுத்துச் சொன்னார்.

"ஒரு ஊரை முற்றுகை போடும்போதுகூட அங்கே இருக்கிற பழமரத்தை வெட்டாதேன்னு சட்டம். மரம் என்ன உன்னோட சண்டைக்கா வந்துச்சுன்னு கேக்கிறார் ஆண்டவர்!" என்றதும் சபை சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கினபோது சுவரின் மேலே ஒரு குரல் குறைந்திருந்தது.

"அதே சட்டத்துல குருவிக்கூட்டுக்கும் இடம் இருக்கு" என்று போதகர் தொடர்ந்தார். "தாயையும் குஞ்சையும் சேர்த்து எடுக்காதே. தாயைப் போக விடு."

மருந்துக்காரர் நிமிர்ந்தார். மறுபாதிக்காகக் காத்திருந்தார். இப்போது ஆயுசைப் பற்றிச் சொல்வார், எப்படிச் சொல்லப்போகிறார் என்று கேட்க வேண்டும். போதகர் கடிகாரத்தைப் பார்த்தார், பிள்ளைகளின் பாட்டுக்கு நேரமாகிவிட்டது. மறுபாதியைச் சொல்லாமலே பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

கூலியைப் பற்றிய பேச்சே இல்லாமல் அந்தச் சட்டத்தை அவர் கேட்பது இதுதான் முதல் தடவை. தாயைப் போக விடு. அவ்வளவுதான். விட்டால் என்ன கிடைக்கும் என்று ஒன்றுமில்லை. அவள் எதற்காக அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்? ஆயுசுக்காக ஒருநாளாவது கேட்டிருக்கிறாளா? அவள் கேட்டதெல்லாம் உள்ளே ஆள் இருந்தார்களா, எத்தனை பேர் என்பதுதான். நீண்டகாலம் கணக்கு வைத்துக்கொண்டிருந்தது இவர் ஒருவர்தான்.

பிள்ளைகள் பாட எழுந்தபோது அவரும் எழுந்து வெளியே போனார். பாத்ரூமுக்குப் போகிறார் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

வெளியே, வடக்குச் சுவரின் உச்சியில் கம்பிவலையைப் பற்றிக்கொண்டு ஒரு குருவி தொங்கிக்கொண்டிருந்தது. வாயில் பச்சைப் புழு. வலையின் இந்த மூலையில் அலகைக் கொடுத்துப் பார்த்தது, அந்த மூலையில் கொடுத்துப் பார்த்தது. அதன் அடிவயிற்று இறகில் வெள்ளைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

அவர் வாசலில் நின்ற தன் வேனிலிருந்து ஏணியை இறக்கினார். உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு ஏறினார். குருவி பறந்துபோய்க் கூரையின் விளிம்பில் உட்கார்ந்து திட்டித் தீர்த்தது. முதல் அடியில் வெள்ளை பிளந்தது, இரண்டாம் அடியில் சிமெண்ட் பெயர்ந்து விழுந்தது. உள்ளே பாட்டு தடுமாறி நின்றது. செயலாளர் வாசலைத் தாண்டி ஓடிவந்தார். அவர் தலையிலும் சட்டையிலும் சுண்ணாம்புத் தூள்.

"மருந்துக்காரரே! புத்தி கெட்டுப்போச்சா? உள்ள ஆராதனை நடக்குது!"

"உள்ள ஆள் இருக்காங்க சார்."

"ஆமாங்க, சபையே இருக்கு! அதனாலதான் இறங்கச் சொல்றேன்!"

"சுவத்துக்குள்ள சார். குஞ்சுங்க. நேத்து நான்தான் உள்ள வச்சு அடைச்சேன்."

செயலாளர் தலையிலிருந்த தூளைத் தட்டிவிட்டுக்கொண்டார். "நாளைக்கு எடுக்கக் கூடாதா?" என்றார் மெதுவாக.

"நாளைக்கு இருக்க மாட்டாங்க."

அதற்குள் போதகரும் வந்துவிட்டார். அண்ணாந்து பார்த்தார், கூரை விளிம்பில் கத்திக்கொண்டிருந்த குருவியைப் பார்த்தார். தாம் வாழ்த்துச் சொன்னது எதற்கென்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. அங்கியின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஏணியின் அடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

வலை கழன்றது. மருந்துக்காரர் கையை உள்ளே விட்டார். துரும்பு, நூல், பஞ்சு. அதற்கு நடுவில் சூடாக ஒன்று நெளிந்தது. பக்கத்தில் இன்னொன்று, அதற்கும் பக்கத்தில் இன்னொன்று. சூடாக இருக்கிற எதையும் தொட்டு எவ்வளவு காலமாயிற்று என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை. நான்காவது குளிர்ந்திருந்தது. அதை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

"எல்லாரும் உள்ள போயிடுங்க ஐயா. ஆள் நின்னா அது வராது."

போதகர் எல்லோரையும் உள்ளே அனுப்பினார். செயலாளர் சிதைந்துபோன சுவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். மருந்துக்காரர் ஏணியை எடுத்துவிட்டு, வேனுக்குள் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். குருவி கூரையிலிருந்து கம்பிக்கு வந்தது, கம்பியிலிருந்து மறுபடி கூரைக்குப் போனது. பயமுறுத்தியாயிற்று, இனி வராதோ என்னவோ. வா, வா என்று அவர் வாய் தானாக முணுமுணுத்தது. வராமல் போய்விடுமோ என்று அவருக்குப் பயமாக இருந்தது. பயம் என்று ஒன்று அவருக்கு இன்னும் மிச்சமிருக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

குருவி துவாரத்தின் வாசலில் வந்து உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் பார்த்தது. உள்ளே போய்விட்டது.

அவர் போனை எடுத்தார். முதல் மணி முடிவதற்குள் மகள் எடுத்துவிட்டாள்.

"அப்பா? என்னாச்சு? உடம்புக்கு ஏதாவதா?"

அவர் கண்ணாடி வழியாகத் துவாரத்தையே பார்த்தார். பிறகு சொன்னார்.

"உள்ள ஆள் இருந்தாங்கம்மா."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. குழாயை மூடினாள்.

"எத்தனை பேருப்பா?"

"நாலு பேர். ஒருத்தர் போயிட்டார்."

"காகிதம் வைக்கலையா?"

"வச்சேன். கீழ விழுந்து கிடந்துச்சு. பார்த்துட்டுதாம்மா அடைச்சேன்."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. அந்த வீட்டில் வளர்ந்தவள்.

"தாய் வந்துச்சா?"

"வந்துட்டா. இப்பத்தான் உள்ள போனா. மூணு பேருக்கும்..." தொண்டையிலிருந்து வந்த சத்தம் அவருக்கே புதிதாக இருந்தது.

"அப்பா, அழுறீங்களா?"

"கை வலிக்குதும்மா" என்றார். "நேத்து கம்பி கிழிச்சது. இப்பத்தான் வலிக்குது."

"வலிக்கட்டும்பா" என்றாள் மகள். அவளும் அழுதுகொண்டிருந்தாள். "நான் போனை வைக்கல."